உடுவில் முதல் வாஷிங்ரன் வரை: ஹரியற் வின்ஸ்லோவின் வழித்தோன்றல்களும் பெயரிழந்த மாணவியரும்

குடிவழி கூறல் எமது சமூகத்துக்குப் புதியதொன்றன்று. அரசர்க்கும் முதலிகளுக்கும் வழிமுறை வகுத்துக் கூறுதல் யாழ்ப்பாண வைபவமாலை போன்ற நூல்களின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாகும். ஆனால் இவ்வழிமுறைகளிலே தந்தையின் பெயரைத் தொடர்ந்து மகனின் பெயர் வருமேயன்றித் தாயின் பெயர் வருதல் அரிது. வந்தாலும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே அவள் நிற்பாள். இதனைத் தற்செயலான விடுபாடு என்று கொள்வதற்கில்லை. தனிச்சொத்தின் கைமாற்றத்தை உறுதிசெய்யும் பொருட்டே குடிவழி பேணப்பட்டது என்பதை எங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூல் தெளிவுபடுத்திற்று. குடிவழி என்பது ஒருவகையிற் சொத்துப் பத்திரமே.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைத் தேடிச் செல்லும்போது இரண்டு வினாக்களை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. அவள் யார் என்பது முதலாவது. அவளை அறிவதற்கான சான்றுகளை யார், எதற்காகப் பேணினர் என்பது இரண்டாவது. முதலாவது வினாவை மட்டும் எழுப்புவோர் குடும்பப் பெருமை எழுதுவதோடு நின்றுவிடுவர். இரண்டாவதையும் சேர்த்து எழுப்பும்போதே அது வரலாறாகின்றது. இக்கட்டுரை அவ்விரு வினாக்களையும் ஹரியற் வின்ஸ்லோ என்னும் ஒரு பெண்ணை முன்வைத்து நோக்க முனைகின்றது. உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் என்ற முறையில் எம்மவர் அவரை அறிவர். இருபதாம் நூற்றாண்டின் ஏகாதிபத்திய வரலாற்றிலே இடம்பெற்ற ஒரு குடும்பத்தின் மூதாட்டி என்ற முறையில் அவரை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே.

1. நோர்விச்சிலிருந்து உடுவிலுக்கு

ஹரியற் வாட்ஸ்வேத் லாத்ரொப் 1796 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலே நோர்விச் நகரிற் பிறந்தார். பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்திலிருந்து சமயக் காரணங்களாற் குடிபெயர்ந்த ஜோன் லாத்ரொப் என்னும் போதகரின் வழிவந்த குடும்பம் அது. நோர்விச் நகரம் மொஹீகன் என்னும் பழங்குடியினரின் தலைவன் அன்கஸ் என்பானிடமிருந்து 1659 இற் பெறப்பட்ட நிலத்தின்மீது எழுந்தது. ஆகவே, தொலைதூரத்து 'அஞ்ஞானிகள்' மீது இரக்கங்கொண்ட அந்நகரத்தார் வாழ்ந்த மண்ணே வேறொரு மக்களிடமிருந்து கைமாறிய மண் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் நியூ இங்கிலாந்துப் பிரதேசம் இரண்டு மாற்றங்களை ஒருங்கே கண்டது. கடல்வணிகத்தாற் சேர்ந்த மூலதனம் நெசவாலைகளுக்குப் பாயத் தொடங்கிற்று. அதே வேளையிற் பெரும் சமய எழுச்சியொன்று நடுத்தர வகுப்பாரை ஆட்கொண்டது. உற்பத்தி வீட்டைவிட்டு ஆலைக்குச் சென்றபோது, ஓரளவு வசதி படைத்த குடும்பத்துப் பெண்களின் உழைப்புக்கும் ஓய்வுக்கும் புதிய களங்கள் தேவைப்பட்டன. ஞாயிறு பாடசாலை, ஏழைப் பெண்களுக்கான உதவிச் சங்கம், வேதப் பிரசுர சங்கம் என்பன இவ்வாறு தோன்றிய களங்களே. இளம்பெண்ணாக இருக்கையிலேயே ஹரியற் நோர்விச்சில் ஞாயிறு பாடசாலை நடத்தியவர். பெண்ணொருத்தி தனியாகப் பாதிரித் தொழில் மேற்கொள்ளல் அக்காலத்திற் கூடாததாகையால், மிஷனரியாக விரும்பும் பெண் மிஷனரியின் மனைவியாக வேண்டியிருந்தது. 1819 சனவரியில் அவர் மைரன் வின்ஸ்லோவை மணந்தார். அதே ஆண்டு யூன் மாதத்திற் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து இன்டஸ் என்னும் கப்பலேறிய குழுவில் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வேட் தம்பதியர் இருந்தனர்.

1810 இல் நிறுவப்பட்ட அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சபையின் முதற் குழு 1816 இலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. வின்ஸ்லோ தம்பதியர் 1820 இல் உடுவிலிற் குடியேறினர். அதே ஆண்டு அச்சாளராக வந்த கரற் என்னும் அமெரிக்கரை ஆங்கில அரசு வெளியேற்றியதோடு, புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதையும் தடுத்தது. இத்தடை 1833 வரை நீடித்தது. அமெரிக்க மிஷனும் ஆங்கிலக் குடியேற்ற அரசும் ஒன்றே என எளிமைப்படுத்திக் கூறுவோர் இம்முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பொதுமை உண்டு. ஆயினும் அப்பொதுமை முரண்பாடுகளினூடாகவே செயற்பட்டது.

2. உடுவிற் பாடசாலை: பெயரும் சீதனமும்

பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 இல் உடுவிலில் ஆரம்பமாயிற்று. எழுத்தறிதல் கோயில் நடனமாதருக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்குத் தகாதது என்ற எண்ணம் நிலவியதென மிஷனரிகள் எழுதிவைத்தனர். இக்கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் பெண்ணுக்கு எழுத்துக் கற்பிப்பது அன்றைய வேளாளக் குடும்பங்களின் வழக்கமாக இருக்கவில்லை என்பது மறுக்கற்பாலதன்று. எனவே ஹரியற் செய்த பணி சிறிதன்று. அதனை நன்றியோடு நினைவுகூர்வதிலும் தவறில்லை.

ஆயினும் பாடசாலை எவ்வாறு நடைபெற்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மாணவி ஒருத்தியின் உணவுக்கும் உடைக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் அமெரிக்கக் கொடையாளர், அவளுக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையைப் பெற்றனர். இறந்துபோன மகளின் பெயர், போதகரின் மனைவியின் பெயர், தம் பெயர் என இவ்வாறு பல பெயர்கள் உடுவிலுக்கு வந்தன. வள்ளியம்மையாகவோ சின்னாச்சியாகவோ விடுதிக்குள் நுழைந்த சிறுமி, மிஷன் அறிக்கையிலே நியூ இங்கிலாந்துப் பெண்ணொருத்தியின் முழுப்பெயரோடு தோன்றுவாள். கொடுத்தவரின் பெயர் நிலைக்கக் கொண்டவளின் பெயர் மறைந்தது. பண்டமாற்றின் தர்க்கம் அறச்செயலுக்குள்ளும் நுழைந்து, ஒரு குழந்தையின் பெயரையே விலைக்குரியதாக்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது சீதனம். வட்டுக்கோட்டையில் 1823 இல் ஆரம்பிக்கப்பட்ட செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் கற்ற இளைஞர் சைவக் குடும்பங்களிற் பெண் கொள்வாராயின் மிஷனின் முயற்சி ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். படித்த கிறித்தவ மணமகளைத் தோற்றுவித்தல் மிஷனுக்கு இன்றியமையாததாயிற்று. ஆனால் சீதனமின்றி யாழ்ப்பாணத்திலே திருமணம் இல்லை. எனவே படிப்பை முடித்துக் கிறித்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷனே சீதனம் வழங்கிற்று. சீதன முறையைக் கண்டிக்க வந்தவர்கள் அதனை நிறுவன வாயிலாக உறுதிப்படுத்தியமை வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று. நிலவுடைமைச் சமூகத்தின் உறவுமுறையைத் தகர்க்காமல் அதன்மேலேயே புதிய நடுத்தர வகுப்பு கட்டப்பட்டது. செமினரி மாணவரும் உடுவில் மாணவியரும் அமைத்த குடும்பங்களிலிருந்தே எழுதுவினைஞரும் மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் தோன்றினர். 1841 இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை இவ்வகுப்பினரின் குரலாக ஒலித்தது.

இக்கல்வி யாருக்குக் கிடைத்தது என்பதும் வினாவேயாகும். யாழ்ப்பாணத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இலாகும். உடுவிலிற் பாடசாலை தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1821 இல், கோவிய, நள, பள்ள அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை உடையாரிடமிருந்து அரசு பணங்கொடுத்து மீட்பதற்கான ஒழுங்குவிதி வந்தது. ஒரே நாட்டில், ஒரே காலப்பகுதியில், ஒரு சிறுமியின் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து பணம் வந்தது; இன்னொரு சிறுமியின் உடலுக்கு அரசு விலை குறித்தது. மிஷன் பாடசாலைகள் சாதியமைப்பை வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கி, மேனிலைச் சாதியினரின் பிள்ளைகளைக் கவர்வதிலேயே பெரிதும் நாட்டங்கொண்டன என்பதை இதனோடு சேர்த்து நோக்கும்போது, உடுவிற் பாடசாலையின் வர்க்க எல்லை புலனாகும்.

ஹரியற்றின் சொந்த வாழ்வோ துயர் நிறைந்தது. பிள்ளைகளுட் சிலர் சிறுவயதிலேயே மாண்டனர். கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகன் சாள்ஸ் 1832 இல் அங்கே இறந்தான். 1833 சனவரியில், தமது 36 ஆவது வயதில், ஹரியற் உடுவிலிற் காலமானார். அவருடைய இளைய சகோதரியர் மூவரும் மிஷனரிமாரின் மனைவியராக இலங்கைக்கு வந்தவர்களே. இவற்றையெல்லாம் நாம் அறிவதற்குக் காரணம், அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் திரட்டிக் கணவர் 1835 இல் நியூயோர்க்கிலே வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலாகும். மைரன் வின்ஸ்லோ 1836 இற் சென்னைக்குச் சென்று, யோசப் நைற் தொடங்கிவைத்த சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1862 இல் தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். அகராதியின் வழியாகக் கணவரின் பெயர் தமிழுலகில் நிலைத்தது. மனைவியின் பெயர் உடுவிலைக் கடந்து அதிகம் செல்லவில்லை.

3. வழித்தோன்றல்கள்

உடுவிலிற் பிறந்த மகளுக்கும் தாயின் பெயரே இடப்பட்டது. தாய் இறந்தபோது சிறு குழந்தையாயிருந்த இந்த இரண்டாவது ஹரியற், பின்னர் ஜோன் வெல்ஷ் டலஸ் என்னும் போதகரை மணந்து அவருடன் சென்னையில் மிஷன் பணியாற்றினார். டலஸ் உடல்நலங் குன்றி அமெரிக்கா திரும்பியபின், தமது இந்திய அனுபவங்களை 1855 இல் நூலாக வெளியிட்டார். இவர்களின் மகன் அலன் மேசி டலஸ் (1854-1930) போதகராகவும் ஓபேண் இறையியற் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கியவர். அவர் மணந்த எடித் பொஸ்ரர், 1892-93 இல் அமெரிக்க இராசாங்கச் செயலாளராகவிருந்த ஜோன் பொஸ்ரரின் மகள். எடித்தின் சகோதரியை மணந்த றொபேட் லான்சிங் 1915 முதல் 1920 வரை அதே பதவியை வகித்தார்.

அலன் மேசி, எடித் தம்பதியரின் மக்களுள் மூவர் உலகறிந்தோர். மூத்தவர் ஜோன் பொஸ்ரர் டலஸ் (1888-1959). ஐசனோவர் ஆட்சியில் 1953 முதல் 1959 வரை இராசாங்கச் செயலாளர். அவர் தம்பி அலன் வெல்ஷ் டலஸ் (1893-1969). 1953 முதல் 1961 வரை மத்திய உளவு நிறுவனத்தின் தலைவர். சகோதரி எலினர் லான்சிங் டலஸ் (1895-1996). பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று இராசாங்கத் திணைக்களத்திற் பணிபுரிந்தவர். உடுவிலில் மாண்ட ஹரியற் இம்மூவர்க்கும் பாட்டனாரின் மறுபாதி வழியிற் பூட்டி முறையாவர். அதாவது, தந்தையைப் பெற்ற தாயின் தாய்.

இவர்களின் நடுப்பெயர்களைக் கவனித்தல் பயனுடையது. பொஸ்ரர், வெல்ஷ், லான்சிங் என்னும் மூன்றும் செல்வாக்குள்ள உறவினரின் குடும்பப் பெயர்கள். லாத்ரொப் என்பதோ வின்ஸ்லோ என்பதோ இவற்றுள் இல்லை. ஆளும் வகுப்பின் குடிவழியிலேயும் அதிகாரந் தரும் பெயர்கள் தக்கவைக்கப்படத் தாய்வழித் தாயின் பெயர் நழுவிப் போகின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நழுவிய அப்பெயரை அச்சிட்ட நூலும் மிஷன் ஆவணமும் கொண்டு மீட்க முடிகின்றது.

4. இரத்தமா, வர்க்கமா?

1953 இல் ஈரானில் மொசாதிக் அரசும், 1954 இற் குவாற்றமாலாவில் ஆர்பென்ஸ் அரசும் கவிழ்க்கப்பட்டமையில் டலஸ் சகோதரரின் பங்கு இன்று மறைபொருளன்று. 1954 இல் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பை உருவாக்கியவரும் ஜோன் பொஸ்ரரே. இலங்கையும் இந்நெருக்குதலை உணர்ந்தது. 1952 இற் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தமைக்காக அமெரிக்க உதவி எமக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1956 மார்ச்சில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், ஜோன் பொஸ்ரர் கொழும்புக்கு வந்து சென்றார். பூட்டியார் மாண்ட உடுவில் அங்கிருந்து ஏறத்தாழ 250 மைல் தொலைவில் உள்ளது. 1961 இற் கியூபாவின் பன்றிகள் குடா முயற்சி தோல்வியுற்றதும் அலன் பதவி துறக்க நேரிட்டது.

இதனைக் கொண்டு, மிஷனரியின் இரத்தமே ஆட்சிக்கவிழ்ப்பாக வெளிப்பட்டது என வாதிடுதல் வரலாற்றுப் பொருள்முதல்வாதமாகாது. அது சாதிப் பெருமை பேசுவோரின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியதேயாகும். குணங்கள் குடிவழியில் வருவதில்லை. வருவன சொத்து, கல்வி, தொடர்பு, உலகைப் பற்றிய நோக்கு என்பன. அலன் டலஸ் 1914 இற் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் ஆசிரியராகச் சென்ற இடம் அலகபாத்திலுள்ள கிறித்தவக் கல்லூரி. மூத்த சகோதரர் பெரும் வாணிப நிறுவனங்களுக்காக வாதாடிய சலிவன் அன்ட் குரோம்வெல் சட்ட நிறுவனத்தின் தலைமைப் பங்காளியாகவும், அதே வேளையில் 1940களில் திருச்சபைகளின் சமாதான ஆணைக்குழுவின் தலைவராகவும் இருந்தார். மிஷன், திருச்சபை, சட்ட நிறுவனம், அரசு என்பன ஒரே வகுப்பின் வெவ்வேறு வாயில்கள். நான்கு தலைமுறைகளில் அக்குடும்பம் ஒரு வாயிலிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது. உலகம் மீட்கப்பட வேண்டியது, மீட்கும் பொறுப்பு எமது என்ற நோக்கு அப்பயணத்தில் மாறாதிருந்தது. 1820 இல் அந்நோக்கைச் சுமந்து வந்தவளிடம் இருந்தது ஒரு புத்தகப் பெட்டி. 1953 இல் அதே நோக்கின் பின்னே ஒரு வல்லரசு நின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரமே அமெரிக்க முதலாளித்துவம் ஏகாதிபத்தியமாக வளர்ந்த வரலாறு.

மறுபுறத்தில், ஹரியற்றை ஏகாதிபத்தியத்தின் முகவர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது. இந்தியாவில் ஆங்கில ஆட்சி பற்றி 1853 இல் எழுதிய கட்டுரைகளில், தன் நோக்கம் இழிந்ததாயிருந்தும் அவ்வாட்சி தான் அறியாமலே சமூக மாற்றத்துக்குக் கருவியாகும் நிலையை மார்க்ஸ் சுட்டினார். உடுவிலிற் கற்பிக்கப்பட்ட எழுத்து, கற்பித்தவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. மிஷனின் சவாலே நாவலரை 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவத் தூண்டிற்று. 1913 இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரி எழுந்தது. 1931 இற் சர்வசன வாக்குரிமை வந்தபோது கையெழுத்திடத் தெரிந்த பெண்கள் கணிசமானோர் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். குமாரி ஜயவர்த்தனா 1995 இல் வெளியிட்ட நூலிற் காட்டியது போல, தெற்காசியாவுக்கு வந்த மேலைத்தேயப் பெண்கள் யாவரையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது.

5. பெயரிழந்தோரைத் தேடல்

ஹரியற்றின் குடிவழியை நான்கு தலைமுறைக்கு இவ்வளவு துல்லியமாகக் கூற முடிகின்றது. அவர் கையாற் பெயரெழுதப்பட்ட முதல் மாணவியரின் பேத்தியர் யார், பூட்டியர் யார் என்று கேட்டால் எத்தனை பேரைப் பற்றி அவ்வாறு கூற முடியும்? அவர்களின் வழித்தோன்றல்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலேசியாவிலும் மேலைநாடுகளிலும் வாழ்கின்றனர். ஆனால் அம்மூதாட்டியரின் இயற்பெயரைப் பெரும்பாலோர் அறியார். சான்று சமமாகப் பங்கிடப்படவில்லை. நிலமும் மூலதனமும் போலவே நினைவும் உடைமையாகியுள்ளது.

எனினும் தேடல் இயலாததன்று. மிஷன் அறிக்கைகளும் சபைப் பதிவேடுகளும் மாணவியின் சூட்டப்பட்ட பெயரையும், அவளை மணந்த செமினரி மாணவரின் பெயரையும் தருகின்றன. கணவரின் பெயர் கிடைத்ததும் காணியுறுதிகளை நாடலாம். 1707 இல் ஒல்லாந்தராற் சட்டமாகத் தொகுக்கப்பட்ட தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பிரித்தது. சீதனம் தாய்வழியாக மகளைச் சேர்வது. கணவனின் சம்மதமின்றி அசையாச் சொத்தைக் கைமாற்ற மனைவிக்கு உரிமை இல்லாதிருந்தபோதிலும், உரிமை வந்த வழியை உறுதியிற் கூறியே ஆக வேண்டும். அவ்விடத்தில் அவளுடைய பெயரும் அவள் தாயின் பெயரும் வந்துவிடுகின்றன. எல்லை கூறுமிடத்து அயற்காணிக்குரிய பெண்களின் பெயரும் வரும். குடும்ப வரலாறு மறைத்த பெண்ணைக் காணியுறுதி காட்டிக்கொடுக்கின்றது. சொத்தின் பொருட்டு எழுதப்பட்ட பத்திரத்தையே சொத்தின் தர்க்கத்துக்கு எதிராக வாசித்தல் எனலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. காணியற்றவளுக்கு உறுதி இல்லை. 1806 முதல் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருந்தமையால், அப்பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டது உடைமையாளர் பட்டியலிலன்றி உடைமைப் பட்டியலிலேயாகும். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு வாய்மொழி மரபும் ஒப்பாரியும் குலதெய்வ வழிபாட்டிற் கூறப்படும் பெயர்களுமே எஞ்சிய சான்றுகள். அவற்றைச் சேகரிப்பது நாட்டாரியலாளரின் பொழுதுபோக்கன்று, வரலாற்றாசிரியனின் கடமை.

இக்கடமைக்குக் காலமும் குறுகியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை நூல்கள் மட்டுமல்ல, ஓலைச் சுவடிகளும் பழைய பத்திரிகைகளுமாம். 1995 இன் இடப்பெயர்வின்போது குடும்பங்கள் பிள்ளைகளோடு தூக்கிச்சென்றவற்றுள் உறுதிப்பெட்டியும் ஒன்று. திரும்பி வந்தோர் எல்லோரிடமும் அது இருக்கவில்லை. கிராமத்துக் கிழவியர் நினைவில் வைத்திருந்த பெயர்கள் அவர்களோடு மறைந்து வருகின்றன.

உடுவிற் பாடசாலை 2024 இல் இருநூறு ஆண்டுகளை நிறைவுசெய்தது. ஆரம்பித்தவரின் பெயர் அவ்வேளை நினைவுகூரப்பட்டதிற் குறையில்லை. அவ்விடுதியின் முதல் மாணவியருள் ஒருத்தியின் இயற்பெயரை, அவள் பிறந்த காணியின் பெயரை, அவள் தாயின் பெயரைத் தேடிக் கண்டு எழுதுவதற்கு எமது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் முன்வருவாராயின், அதுவே அந்நிறைவுக்குத் தகுந்த காணிக்கையாகும். வாஷிங்ரனுக்குச் சென்ற வழியை நாம் கண்டுகொண்டோம். உடுவில் ஒழுங்கைகளில் அக்காணிகளுக்குச் செல்லும் வழி இன்னும் நடக்கப்படாதிருக்கின்றது.